கொடி இறங்கும் வரை

(செஞ்சியில் நடைபெற்ற பட்டிமன்றம். தலைப்பு: “குடும்பத்தோடு நிறைவாகச் சாப்பிட ஏற்றது ஊர்ச் சாப்பாட்டுக் கடையா? ஊருக்கு ஊர் கிளை திறக்கும் பெரிய உணவகமா?” ‘பெரிய உணவகமே’ என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டு, பேசி முடித்த பிறகும் இன்னும் நாக்கைச் சப்புக்கொட்டிக் கொண்டிருக்கிற நண்பர்களே! ராஜகிரி மலைக் காத்து வாங்கிக்கிட்டு, தூக்கத்தையும் விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கிற செஞ்சிப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய ஐயா அருமையாகப் பேசினார். பரோட்டா கல்லில் தட்டுகிற சத்தத்தை வாயாலேயே தட்டிக் காட்டினார். பாதிப்பேர் எழுந்து போய்விடுவீர்களோ என்று எனக்குப் பயமே வந்துவிட்டது. (சிரிப்பு) அதிலும் இந்த மேடைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு கடை இருக்கு. வாசனை வருது. நடுவர் அவர்களே, இது எதிரணி செய்த சதி. (சிரிப்பு)

ஐயா சொன்னார், “பெரிய கம்பெனிக் கடையில் எல்லாம் எங்கிருந்தோ வருகிற கறி. எங்கள் ஊர்க்கடையில் எங்கள் ஊர் ஆடு” என்று. ஐயா, வெள்ளிக்கிழமை விடியக்காலையில் செஞ்சி வாரச்சந்தைக்குப் போயிருக்கீங்களா? வரிசையா வண்டி நிக்கும். தீபாவளி, பக்ரீத் வந்தா நிக்க இடம் இருக்காது. நம்ம ஊர் ஆட்டை ஏத்திக்கிட்டு எந்த எந்த ஊருக்கோ போறாங்க. அந்தக் கம்பெனித் தட்டிலே இருக்கிறது உங்க வீட்டுக் கொல்லையிலே மேய்ஞ்ச ஆடா இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. பட்டணம் போய் இங்கிலீஷ் பேர் வச்சுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு, அவ்வளவுதான். நம்ம பிள்ளைகள் மாதிரி! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து, “இந்தச் சுட்ட கறிக் கலாச்சாரமெல்லாம் நேற்று வெளிநாட்டிலிருந்து வந்தது” என்றார். நடுவர் அவர்களே, நான் தமிழ் ஆசிரியை. இதைக் கேட்டுக்கிட்டு நான் சும்மா இருந்தால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கும்.

பத்துப்பாட்டு என்று ஒரு தொகுதி இருக்கு. அதில் பாதிப் பாட்டு ஆற்றுப்படை. ஆற்றுப்படை என்றால் என்ன? நன்றாகச் சாப்பிட்டு, பரிசும் வாங்கிக்கொண்டு வருகிற கலைஞன், எதிரே பசியோடு வருகிற கலைஞனைப் பார்த்து, “இந்த வழியாப் போ, இன்ன ஊரிலே இன்னது கிடைக்கும், கடைசியிலே இன்ன மன்னன் விருந்து வைப்பான்” என்று வழி சொல்வது. அந்தப் பத்தில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடன். ஓய்மானாடு எங்கே இருக்கு தெரியுமா? எங்கேயோ இல்லை, இங்கேதான். அவனுடைய கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்திலே இருக்கிறது. இந்த மேடையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்!

அந்தப் பாட்டிலே ஊருக்கு ஊர் சாப்பாடு மாறும். கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீன். அந்த இடம் மரக்காணம் பக்கம் என்பார்கள். உழவர்கள் இருக்கிற ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். இரண்டுக்கும் நடுவே வேலூர் என்று ஒரு ஊர். அங்கே வேட்டுவப் பெண்கள் புளிச்சோறு ஆக்கி, அதோடு சுட்ட ஆமான் கறி வைப்பார்கள். ஆமான் என்றால் காட்டுப் பசு. காட்டுப் பசுவின் கறியை நெருப்பிலே சுட்டுத் தட்டிலே வைத்தால் அதற்கு இன்றைக்கு என்ன பேரு? அமெரிக்காக்காரன் ‘ஸ்டேக்’ என்கிறான். அதற்கென்றே ஸ்டேக் ஹவுஸ் என்று கடை வைத்திருக்கிறான். எவ்வளவு வேகணும், உள்ளே சிவப்பாக இருக்கணுமா வேண்டாமா என்று ஆளுக்கு ஆள் கேட்டுச் சுட்டுத் தருவான். ஐயா நேற்று வந்தது என்கிறார். ஓய்மானாட்டுப் பெண்கள் இதைச் சுட்டு ரெண்டாயிரம் வருஷத்துக்குப் பக்கமாச்சு! (கைதட்டல்)

பொருநராற்றுப்படையில் ஒரு பொருநன் கரிகாலன் வீட்டிலே கம்பியில் குத்திச் சுட்ட கறியை ராத்திரி பகலாகத் தின்று, பல்லே மழுங்கிப் போச்சு என்கிறான். பல் என்றதும் ஞாபகம் வருது, பல்லைப் பற்றி நான் பிறகு பேசணும். நடுவர் ஐயா, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக்குப் பக்கத்திலேயே மேல்சித்தாமூரில் சமண மடம் இருக்கு. இந்தத் தலைப்பை அங்கே கொண்டுபோனால் ரெண்டு அணியும் தோற்றுவிடும். (சிரிப்பு) அதனாலே வேகமா மேலே போறேன்.

எதிரணி அம்மையார் ‘கைப்பக்குவம், கைப்பக்குவம்’ என்று நாலு தடவை சொன்னார். பெரிய உணவகத்தில் எல்லாம் அளவு எழுதி வைத்துச் சமைக்கிறார்களாம். உப்பு இத்தனை கிராம், மிளகாய் இத்தனை கிராம், கறி இத்தனை மணி நேரம் ஊறணும். அதில் உயிர் இல்லையாம். அம்மா, அதே நல்லியக்கோடன் அரண்மனைச் சமையலைப் புலவர் எப்படிப் பாராட்டுகிறார் தெரியுமா? வீமன் எழுதிய சமையல் நூலிலிருந்து கொஞ்சமும் வழுவாத சமையல் என்று பாராட்டுகிறார். நூலிலிருந்து வழுவாதது! அதைத்தானே அம்மா இந்தக் கம்பெனிக்காரனும் செய்யறான்? அன்றைக்கு அது பெருமை, இன்றைக்குக் குற்றமா? ஊர்க்கடையிலே மாஸ்டர் சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டார்னா அடுத்த நாள் குழம்பு வேற குழம்பு. முதலாளியும் அதேதான், பெயர்ப்பலகையும் அதேதான். சாப்பிட வர்ற நாம மட்டும் ஏமாந்தவங்க.

இன்னொன்று. எங்கள் பேராசிரியர் ஐயா முனியாண்டி விலாஸை ‘எங்கள் ஊர்க்கடை’ என்று சொந்தம் கொண்டாடினார். நடுவர் அவர்களே, நான் அதைப் பலமாக ஆட்சேபிக்கிறேன். முனியாண்டி விலாஸ் எங்கள் அணி! மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே இருக்கிற முனியாண்டி சாமி பேரிலே, அந்தப் பக்கத்து மக்கள் தமிழ்நாடு பூரா, தமிழ்நாட்டுக்கு வெளியிலேயும் போய்த் திறந்த கடைகள் அவை. ஒவ்வொரு கடைக்கும் முதலாளி வேற. ஆனா பேரு ஒண்ணு. ருசியும் ஏறக்குறைய ஒண்ணு. தினமும் முதல் வியாபாரப் பணத்தைச் சாமிக்குன்னு எடுத்து வைப்பாங்க. வருஷத்துக்கு ஒருதடவை எல்லா ஊர் முதலாளிகளும் வடக்கம்பட்டியிலே கூடிக் கிடா வெட்டி, அண்டா அண்டாவாய்ப் பிரியாணி செய்து ஊருக்கே பிரசாதமாகக் கொடுப்பாங்க. வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவை எட்டிப் பார்க்கிறதுக்குப் பல வருஷம் முன்னாலேயே கிளைக்கடை நடத்திக் காட்டினவன் தமிழன்! 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு என்பவர் ஒரு பிரியாணிக் கடை வைத்தார். தலையில் எப்போதும் தலைப்பாகை. கடைப்பேரு ஆனந்த விலாஸ்தான். ஜனங்க வச்ச பேரு தலப்பாக்கட்டி. அந்தச் சீரகச் சம்பாப் பிரியாணி இன்றைக்குக் கடல் தாண்டிப் போயிருக்கு. ஒரு ஊர்க்கடை நல்லாச் சமைச்சா, நாளைக்கு அதுவே கிளைக்கடை. உங்க அணியிலே யார் நல்லா வந்தாலும் எங்க அணிக்கு வந்துடுவாங்க! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

வெளிநாட்டுக் கம்பெனி நம்மை மாத்திடும் என்கிறார்களே, நாமதான் அவனை மாத்தியிருக்கோம். மெக்டொனால்ட்ஸ் உலகம் பூரா மாட்டுக்கறியை நம்பி வளர்ந்த கம்பெனி. 1996-ல் டெல்லியிலே கடை திறந்தபோது மாட்டுக்கறியே கிடையாது. ஆட்டுக்கறி வைத்து அதற்கு ‘மகாராஜா’ என்று பட்டமும் கட்டினான்.

சரி, இதெல்லாம் வாதத்துக்கு. இப்ப நான் மனசிலே இருக்கிறதைச் சொல்றேன்.

சிறுபாணாற்றுப்படையில் விருந்துக்கு முன்னால் ஒரு இடம் வரும். வகுப்பிலே அதை நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் இறங்கிடும். பாணன் வீட்டிலே அடுப்பு எரிஞ்சு பல நாளாச்சு. அவன் மனைவி குப்பையிலே முளைச்ச கீரையைக் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் என்ன செய்கிறாள்? வாசல் கதவைச் சாத்துகிறாள். யாராவது பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சம். பசியைவிடப் பெரிசு அந்தக் கூச்சம். அந்தப் பாணனை நல்லியக்கோடன் கூப்பிட்டு, பொன் தட்டில் சோறு போட்டு, தானே பக்கத்தில் நின்று ஊட்டினான். சோறு போட்டதற்கா பாட்டு? எனக்கு அப்படித் தோணலை. கூச்சம் தெரியாமல் உட்காரவைத்தானே, அதற்குத்தான் பாட்டு.

நடுவர் அவர்களே, நம்ம ஊர்க்கடைகளிலே கூச்சமில்லாமல் யார் உட்கார்ந்தார்கள்? அதைக் கேட்காமல் இந்தத் தலைப்புக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அரசியல் சட்டம் 1950-ல் வந்தது. அதிலே பதினைந்தாவது பிரிவு, கடைக்கும் பொது உணவு விடுதிக்கும் போகிறவனைச் சாதி, மதம், ஆண், பெண் என்று பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு நாட்டின் அரசியல் சட்டம் ஓட்டலைப் பற்றி எழுத வேண்டியிருந்தது! அது வந்த பிறகும் 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பெயர்ப்பலகையிலே சாதிப்பேர் இருக்குன்னு பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு, கிராமத்து டீக்கடையிலே ரெண்டு வகைக் குவளை இருந்தது. ஒண்ணு உள்ளே உட்கார்ந்து குடிக்கிறவனுக்கு. இன்னொண்ணு வெளியே நின்று குடித்துவிட்டுத் தானே கழுவி வைக்கிறவனுக்கு. ‘ஊர்க்கடையிலே நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க’ என்று ஐயா பெருமையாகச் சொன்னார். ஐயா, பேர் தெரியும். பேரோடு சேர்த்துத் தெருவும் தெரியும். அதுதான் சிலருக்குக் கஷ்டம். பெரிய கடையிலே வாசலில் நிக்கிற பையனுக்கு நம்ம தெரு தெரியாது. “எத்தனை பேர் சார்?” என்று மட்டும்தான் கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இந்த ஜில்லாவிலே எத்தனை! (நீண்ட கைதட்டல்)

அடுத்து, பெண்கள். நான் இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பொண்ணு. எங்க சின்ன வயசிலே வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருவோம். அப்பாவும் தம்பியும் ஒரு ஓட்டலுக்குள்ளே போய் உட்கார்ந்து கறிக்குழம்பு ஊத்திப் பரோட்டா சாப்பிடுவாங்க. அம்மாவுக்கும் எனக்கும் பொட்டலம். பஸ் ஸ்டாண்டிலே நிக்கிற பஸ்ஸுக்குப் பின்னாலே, யாரும் பார்க்காத பக்கமாத் திரும்பி நின்னு, இலையைக் கையிலே பிடிச்சுக்கிட்டுச் சாப்பிடுவோம். யாரும் எங்களை உள்ளே வராதேன்னு சொல்லலை. ஆனா உள்ளே ஒரு பொம்பளைகூட இருக்கமாட்டாங்க. ‘பேமிலி ரூம்’னு அழுக்குத் திரை போட்ட ஒரு மூலை வர்றதுக்கே ரொம்ப நாளாச்சு. அந்தப் பாணன் மனைவிக்காவது சாத்துறதுக்கு ஒரு கதவு இருந்தது.

வீட்டிலே கறி எடுக்கிற நாளிலேயும் அம்மா கடைசிதான். எல்லாருக்கும் வச்சு முடிச்சதும் சட்டியிலே குழம்பு மட்டும் இருக்கும். “ஏம்மா கறி போட்டுக்கலை?”ன்னு கேட்டா, “எனக்குப் பல்லு சரியில்லம்மா, குழம்பு போதும்”பாங்க. அப்ப அவங்களுக்கு நாற்பது வயசு. அன்றையிலிருந்து எங்க வீட்டிலே அது ஒரு முடிஞ்சுபோன விஷயம். அம்மாவுக்குப் பல்லு சரியில்லை.

போன வருஷம் புதுச்சேரியிலே புதுசா ஒரு கிளை திறந்தாங்க. மேசைக்கு நடுவிலேயே கரி அடுப்பு, கம்பி கம்பியாச் சுட்ட கறி. பேர் வேண்டாம், இது விளம்பர மேடை இல்லை. (சிரிப்பு) தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். எங்க வீட்டுக்காரர் விலைப் பட்டியலைப் பார்த்ததும் தண்ணி கேட்டார். என் பொண்ணு பிறந்தநாள், ஒண்ணும் சொல்ல முடியலை. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனோம். எழுபத்தாறு வயசு. வாசல் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டினாங்க. “பாட்டி, போட்டுக்கிட்டே வாங்க”ன்னு அந்தப் பையன் குனிஞ்சு செருப்பை எடுத்துக் காலடியிலே வச்சான்.

மேசையிலே ஒரு குட்டிக் கொடி இருந்தது. அந்தக் கொடி நிக்கிறவரைக்கும் அவங்க கறி கொண்டுவந்துக்கிட்டே இருப்பாங்க. போதும்னா நாம கொடியை இறக்கணும். நம்ம கோட்டையை முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரைக்கும் முற்றுகை போட்டதே, அந்தக் கதைதான். ராஜாராம் மலைமேலே, நெல்லெல்லாம் களஞ்சியத்திலே. கோட்டையிலே கொடி இறங்குறதுக்கு அத்தனை வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் இருபது நிமிஷத்திலே இறக்கப் பார்த்தார். (பலத்த சிரிப்பு)

அம்மா என்ன பண்ணினாங்க? பழக்கம். தட்டிலே விழுந்த முதல் துண்டை எடுத்துப் பேத்தி தட்டிலே வச்சாங்க. அந்தப் பையன் உடனே இன்னொரு கம்பி கொண்டுவந்து அம்மா தட்டிலே உருவினான். அதை எடுத்து மருமகன் தட்டிலே வச்சாங்க. இன்னொண்ணு வந்தது. என் தட்டிலே வச்சாங்க. மறுபடியும் வந்தது. நாலாவது தடவை கையிலே துண்டை வச்சுக்கிட்டுச் சுத்திப் பார்த்தாங்க. எல்லார் தட்டும் நிறைஞ்சிருக்கு. யாருக்கும் கொடுக்க வழியில்லை. வேற வழியே இல்லாமல், நடுவர் அவர்களே, எங்கம்மா அந்தக் கறியைத் தன் வாயிலே வச்சாங்க.

கடிச்சாங்க. மென்னாங்க. இன்னொண்ணு கேட்டாங்க. எலும்போட ஒரு துண்டு இருக்கான்னு கேட்டாங்க!

நாற்பது வயசிலே சரியில்லாத பல்லு எழுபத்தாறு வயசிலே எப்படிச் சரியாச்சு? (நீண்ட கைதட்டல்)

எங்க வீட்டுக்காரர் கொடிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடிச்சேன். அன்றைக்கு எங்கம்மா சொல்ற வரைக்கும் அந்தக் கொடி இறங்கலை.

எதிரணி கேட்கும், வீட்டிலேயே அம்மாவுக்கு முதல்ல வச்சா என்ன என்று. நல்ல கேள்வி. வைங்க! இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிங்க. நாங்க வேண்டாம்னா சொன்னோம்? ஆனா அம்மா வாங்கிக்கணுமே. எடுத்துக் கொடுக்கிற கையை நிறுத்துறதுக்கு எங்களுக்கு ஒரு கொடி தேவைப்பட்டது.

விலை அதிகம் என்கிறது உண்மை. அன்றைய பில்லிலே எங்க வீட்டுக்கு ஒரு மாசத்துப் பால் வாங்கலாம். தினம் போக முடியாது. அவசரத்துக்குக் கடன் சொல்லிச் சாப்பிட ஊர்க்கடைதான் வேணும். கையிலே காசில்லாத மாசக் கடைசியிலே வேலைக்காரக் குடும்பத்துக்குச் சோறு போட்ட எத்தனையோ முதலாளிகளை நான் கும்பிடுகிறேன். அந்த விஷயத்திலே கம்ப்யூட்டர் பில்லுக்கு இரக்கம் கிடையாது. ஆனா நம்ம தலைப்பு ‘பசிக்குச் சாப்பிட’ இல்லை. குடும்பத்தோடு நிறைவாகச் சாப்பிட. குடும்பம் என்றால் அதிலே அம்மாவும் உண்டு, பெண் பிள்ளையும் உண்டு, தெருப்பேரைச் சொல்லக் கூசுகிறவனும் உண்டு.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க. ஒரே நிமிஷம், ஐயா.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது, தமிழ்நாட்டிலே ஒண்ணே ஒண்ணு, நம்ம செஞ்சி! (கைதட்டல்) இனிமே உலகமே இங்கே வரும். குடும்பம் குடும்பமா ராஜகிரி ஏறும். உச்சி வெயில்லே ஏறி இறங்கின பெண்கள் எங்கே உட்காருவாங்க? கை கால் கழுவ, ஒதுங்கச் சுத்தமா ஒரு இடம் எங்கே? ஊர்க்கடை முதலாளிகளும் இந்தக் கூட்டத்திலே இருக்கீங்க. அந்தக் கிளைக்காரன் நம்ம ஊருக்கு வர்றதுக்கு முன்னாலே நீங்க அந்தக் கதவைத் திறந்து வச்சீங்கன்னா, அடுத்த வருஷம் இதே மேடையிலே நான் எதிரணியிலே உட்காரத் தயார். (சிரிப்பு) இந்த வருஷத் தீர்ப்பை மட்டும் எங்கள் பக்கம் சொல்லிவிடுங்கள் என்று நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.